பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் தகவல் கசிகிறதா? அறிகுறியைப் பார்த்து அடைக்கும் வழிமுறை

“பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், ஆனாலும் நிற்கவில்லை.” உதவி கேட்டு வரும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வாசல் பூட்டை மாற்றியிருக்கிறார்கள், கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு கதவு இருப்பதைக் கண்ணில் படும்படி காட்டும் சேவைகள் மிகக் குறைவு.

நம் தகவல் நம் பிடியை விட்டுப் போகும் வழிகள் பல. பாஸ்வேர்டு தெரிந்தவர் உள்ளே வரலாம். ஏற்கெனவே லாகின் ஆகிக் கிடக்கும் இன்னொரு கருவி வழியே, பாஸ்வேர்டே தெரியாமலும் பார்க்கலாம். எப்போதோ நாமே ‘அனுமதி’ அழுத்திய செயலி அள்ளிக்கொண்டு போகலாம். நம் எண்ணை வைத்திருக்கும் நண்பர் தன் தொடர்புப் பட்டியலை எங்கோ ஏற்றியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால் உங்களுக்கு என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பொருந்தும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் இரண்டு வேலை. சந்தேகமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைச் சுத்தம் செய்யும்போது ஆதாரமும் சேர்ந்து அழிந்துவிடும். அடுத்து, சந்தேகத்துக்கு இடமான போனிலோ கணினியிலோ உட்கார்ந்து சரிசெய்யத் தொடங்காதீர்கள். அதில் திருட்டு மென்பொருள் இருந்தால் நீங்கள் தட்டும் புதிய பாஸ்வேர்டும் அப்போதே போய்விடும். நம்பிக்கையான வேறொரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்களைக் கண்காணிப்பவர் உங்களோடு வாழ்பவர் அல்லது வாழ்ந்தவர் என்று தோன்றினால், எதையும் தொடாமல் ‘நான் எங்கே இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிகிறது’ என்ற பகுதியை முதலில் படியுங்கள். அங்கே வரிசை தலைகீழ்.

அறிகுறி: கேட்காத ஓடிபி வருகிறது, லாகின் எச்சரிக்கை வருகிறது

கேட்காமல் வரும் ஓடிபி எல்லாம் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. எண்ணோடு வந்த வாசகத்தைப் படியுங்கள்.

பாஸ்வேர்டை மீட்டமைக்க என்று இருந்தால், யாரோ ஒருவருக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரியோ போன் எண்ணோ மட்டும் தெரிந்திருக்கிறது. கதவைத் தட்டுகிறார், உள்ளே வரவில்லை. தன் எண்ணைத் தப்பாகத் தட்டிய அப்பாவியாகக்கூட இருக்கலாம். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல் இருந்தாலே போதும்.

பாஸ்வேர்டும் ஓடிபியும் இரண்டும் கேட்கும் சேவையிலிருந்து இரண்டாம் கட்ட எண் வந்தால் கதை வேறு. முதல் கட்டத்தைத் தாண்டியவருக்குத்தான் அது அனுப்பப்படும். அதாவது உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளியே இருக்கிறது. அன்றே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கும் மாற்றுங்கள்.

“இது நீங்கள்தானா?” என்ற ஒப்புதல் கேள்வி நடுராத்திரியில் பத்துப் பதினைந்து முறை வருவதும் உண்டு. தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை ‘ஆம்’ என்று அழுத்திவிடுவீர்கள் என்று காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்று மறுங்கள்.

புதிய கருவியில் லாகின் ஆனதாக மின்னஞ்சல் வந்தால் அதில் உள்ள இணைப்பை அழுத்த வேண்டாம். அந்த எச்சரிக்கையே போலியாக இருக்கலாம். செயலியை நீங்களே திறந்து பாதுகாப்புப் பக்கத்தில் பாருங்கள். உண்மையானால் அங்கும் அது பதிவாகியிருக்கும்.

அறிகுறி: பாஸ்வேர்டை மாற்றியும் நிற்கவில்லை

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

எந்தக் கணக்கில் தொல்லை என்றாலும் முதலில் மின்னஞ்சலுக்குப் போங்கள். வங்கி, சமூக வலைத்தளம், கடை எல்லாவற்றின் “பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?” கடிதமும் அங்கேதான் வந்து விழுகிறது. மின்னஞ்சல் திருடர் கையில் இருக்கும்வரை மற்ற எதை மாற்றினாலும் ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்துவிடுவார்.

ஒரு தோழிக்கு நடந்தது இது. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினாள். இரண்டு கட்டப் பாதுகாப்பும் போட்டாள். ஆனாலும் அவளுக்கு வரும் கடிதங்களில் இருக்கும் விஷயங்கள் வேறொருவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தன. கடைசியில் மின்னஞ்சல் செட்டிங்ஸில் ‘வடிகட்டி’ பகுதியைத் திறந்து பார்த்தோம். எல்லாக் கடிதத்துக்கும் ஒரு நகல் அறிமுகமில்லாத முகவரிக்குப் போகும்படி ஒரு விதி. ‘பாதுகாப்பு’ என்ற சொல் உள்ள கடிதங்களை நேராகக் குப்பையில் போடும்படி இன்னொரு விதி. அதனால்தான் ஒரு எச்சரிக்கைகூட அவள் கண்ணில் படவில்லை. எப்போதோ ஒருமுறை உள்ளே வந்தவர் அந்த இரண்டு வரியை எழுதிவிட்டுப் போயிருந்தார். அதன்பின் அவர் உள்ளே வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்த விதி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அவள் அன்று அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

ஆகவே மின்னஞ்சலில் இந்த இடங்களை எல்லாம் பாருங்கள்.

மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையவைதானா? பழைய எண்ணாக இருந்தாலும் ஆபத்துதான்; கைவிட்ட எண்ணைப் போன் நிறுவனங்கள் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். திருடர் இவற்றை மாற்றியிருந்தால் தாமதிக்காதீர்கள். கூகுளில், மாற்றப்பட்ட பிறகும் 7 நாள் வரை பழைய மீட்பு எண்ணாலோ முகவரியாலோ கணக்கைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு.

லாகின் ஆகியுள்ள கருவிகளின் பட்டியல். தெரியாத ஒன்று இருந்தால் வெளியேற்றுங்கள். எது யாருடையது என்று குழப்பமாக இருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு உங்கள் கருவியில் மட்டும் திரும்ப நுழையுங்கள். சற்று அலுப்பான வேலை, ஆனால் சந்தேகம் மிஞ்சாது.

கடிதம் திருப்பி அனுப்பும் வசதி, வடிகட்டிகள், உங்கள் பெட்டியை வேறொருவர் பார்க்கக் கொடுத்த உரிமை. இவை போனில் உள்ள செயலியில் பெரும்பாலும் தெரியாது. கணினியில் பிரவுசர் வழியே திறந்தால்தான் முழுமையாகக் காட்டும்.

இணைக்கப்பட்ட வெளிச் செயலிகள். “கூகுள் கணக்கால் நுழையுங்கள்” என்று எத்தனையோ இடத்தில் அழுத்தியிருப்போம். அப்போது அந்தச் செயலிக்கு ஒரு தனிச் சாவி போய்ச் சேர்கிறது. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தச் சாவிகளில் பல தொடர்ந்து செல்லுபடியாகும். புகைப்படம் பார்க்க, தொடர்புகளைப் படிக்க, கடிதம் படிக்க என்று எந்தெந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆறு மாதமாகத் தொடாத எதையும் நீக்கிவிடுங்கள் என்பது என் வழக்கம். தேவைப்பட்டால் மறுபடி அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

பிரவுசர் நீட்சிகள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு செயலிகள். நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமை பல நீட்சிகளுக்கு உண்டு. பெயர் நினைவில்லாத நீட்சி எதற்கும் பிரவுசரில் இடம் வேண்டாம்.

இத்தனையும் முடிந்தபின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றிய கையோடு இரண்டு கட்டப் பாதுகாப்பைப் போடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட, 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் அங்கீகாரச் செயலி நல்லது. அதைவிட, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் கைரேகையாலோ திரைப்பூட்டாலோ நுழையவைக்கும் பாஸ்கீ நல்லது. அது உண்மையான தளத்தில் மட்டுமே வேலை செய்வதால் போலித் தளத்தில் ஏமாந்து கொடுக்க வழியில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தொடர்ந்தால் சந்தேகம் கருவியின் மேல்தான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் நிலையைக் காக்கும் குக்கிகளையும் மொத்தமாகத் திருடும் மென்பொருள்கள் இருக்கின்றன. குக்கி கைக்குப் போனால் இரண்டு கட்டப் பாதுகாப்பையும் தாண்டி உள்ளே வந்துவிடலாம். இலவசமாகக் கிடைத்த திருட்டு விளையாட்டும், உடைத்த மென்பொருளும் இதற்கு வழக்கமான வாசல். கணினியை முழுக்க அழித்து மீண்டும் நிறுவுவதுதான் நான் பரிந்துரைப்பது. அதன்பின் மேலே சொன்னதை இன்னொருமுறை செய்யுங்கள்.

அறிகுறி: போனில் சிக்னல் திடீரென்று போய்விட்டது

பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், போனை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். அப்படியும் வரவில்லையென்றால் இன்னொரு போனிலிருந்து உங்கள் சிம் நிறுவனத்தை உடனே அழையுங்கள். உங்கள் பெயரில் யாராவது புது சிம் வாங்கியிருந்தால் இந்த நேரத்தில் உங்கள் ஓடிபிகள் எல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். எண்ணை முடக்கச் சொல்லுங்கள், அடுத்த அழைப்பு வங்கிக்கு. மற்றதெல்லாம் பிறகு.

சிக்னல் இருக்கிறது, ஆனால் அழைப்புகள் வருவதில்லை என்றால் அழைப்புத் திருப்பத்தைச் சோதியுங்கள். *#21# என்று அழுத்தினால் உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று காட்டும். ##002# எல்லாத் திருப்பங்களையும் நீக்கும். பெரும்பாலான நெட்வொர்க்குகளில் இவை வேலை செய்யும். கூரியர், பரிசு என்று பேசிக்கொண்டே ஏதோ ஒரு எண்ணை உங்களையே டயல் செய்யச் சொல்வார்கள். திருப்பத்தைப் போடுவதே அந்த எண்தான்.

அறிகுறி: நான் அனுப்பாத செய்தி என் பெயரில் போகிறது

வாட்ஸ்அப்பாக இருந்தால் முதலில் ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ பட்டியலைத் திறங்கள். ஒரு கணக்கில் போனைத் தவிர 4 கருவிகள் வரை இணைக்கலாம். போன் சில நிமிடம் வேறொருவர் கையில் இருந்தால் அந்த இணைப்பைப் போட்டுவிட முடியும். தெரியாததை வெளியேற்றுங்கள்.

செயலியே உங்களை வெளியே தள்ளிவிட்டதா? உங்கள் எண்ணைப் போட்டு மீண்டும் பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண்ணைக் கொடுத்ததும் திருடர் தானாக வெளியேற்றப்படுவார். அவர் இரண்டு கட்டப் பின் (PIN) எண் போட்டு வைத்திருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 7 நாளும் அவரும் உள்ளே இருக்க முடியாது. திரும்பக் கிடைத்த நிமிடமே உங்கள் பின்னைப் போடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் நெருங்கியவர்களை அழைத்து, என் பெயரில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். அந்த மௌனத்தில்தான் அடுத்தவர் பணமும் போகிறது.

அறிகுறி: என் முகவரி ஏதோ கசிவில் இருக்கிறதாம்

2013-ல் டிராய் ஹண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் ப்வ்ன்ட்’ தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், வெளிவந்த எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று காட்டும். பாஸ்வேர்டையும் அங்கே சோதிக்கலாம். பாஸ்வேர்டு அப்படியே அங்கே போவதில்லை. அதிலிருந்து கணக்கிடப்படும், திரும்பப் பாஸ்வேர்டாக மாற்ற முடியாத எழுத்து வரிசையான ஹாஷின் முதல் 5 எழுத்து மட்டும் போகிறது, மீதி ஒப்பீடு உங்கள் பக்கத்திலேயே நடக்கிறது.

பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் பதற வேண்டாம். 2013-ல் யாஹூவில் நடந்த ஒரே திருட்டில் 300 கோடிக் கணக்குகள் போயின. நீண்ட காலமாக இணையத்தில் இருப்பவர்களில் ஏதாவது ஒரு கசிவிலாவது சிக்காதவர் அரிது. நீங்கள் பார்க்க வேண்டியது *என்ன* கசிந்தது என்பதைத்தான்.

பாஸ்வேர்டு கசிந்திருந்தால் மாற்றிவிடலாம். கெடுதல் வருவது அதையே வேறு இடங்களிலும் வைத்திருக்கும்போது. 2023-ல் மரபணுச் சோதனை நிறுவனமான 23 அண்ட் மீயில் அதுதான் நடந்தது. வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துத் திருடர்கள் நுழைந்த கணக்குகள் சுமார் 14,000தான். ஆனால் அங்கே உறவினர்கள் ஒருவரோடொருவர் தகவலைப் பகிரும் வசதி இருந்ததால், 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. அந்த 69 லட்சத்தில் பெரும்பாலோர் தங்கள் பாஸ்வேர்டைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள்.

பாஸ்வேர்டுகளை உருவாக்கிப் பூட்டி வைத்திருக்கும் செயலியான பாஸ்வேர்டு மேலாளர் ஒன்றைப் பயன்படுத்தி ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையை விட்டுவிடலாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலம் குறித்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார்கள்.

பிறந்த தேதி, அம்மாவின் பெயர், படித்த பள்ளி ஆகியவை கசிந்தால் மாற்ற முடியாது. அவற்றைச் சாவியாக வைக்காமல் இருப்பதுதான் வழி. பாதுகாப்புக் கேள்விக்கு உண்மையான பதில் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சம்பந்தமில்லாத ஒரு சொல்லைப் பதிலாகக் கொடுத்து, அதைப் பாஸ்வேர்டு மேலாளரில் எழுதி வையுங்கள்.

யார் கசியவிட்டார்கள் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஜிமெயில் போன்ற சேவைகளில் உங்கள் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சொல். நான் ஒரு தளத்துக்கு மட்டும் கொடுத்திருந்த முகவரிக்கு, கேள்விப்பட்டே இராத நிறுவனங்களிடமிருந்து விளம்பரம் வரத் தொடங்கியது. கேட்டு எழுதினேன், பதில் இல்லை. கணக்கை நீக்கச் சொல்லி எழுதிய இரண்டாவது கடிதத்துக்குத்தான் அசைந்தார்கள்.

அறிகுறி: பேசியதும் அதே பொருளுக்கு விளம்பரம் வருகிறது

போன் ஒட்டுக் கேட்கிறது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். 2018-ல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து ஒலியை வெளியே அனுப்பிய செயலி ஒன்றுகூட அகப்படவில்லை. அவர்கள் எதிர்பாராத வேறொன்று கிடைத்தது: திரையில் நடப்பதைப் பதிவு செய்து மூன்றாம் நிறுவனத்துக்கு அனுப்பிய செயலி.

விளம்பரம் சரியாக வருவதற்கு ஒலி தேவைப்படுவதில்லை. நீங்களும் நண்பரும் ஒரே வைஃபையில் இருந்தீர்கள், அவர் அந்தப் பொருளைத் தேடினார். இருவருக்கும் வயதும் பழக்கமும் ஒன்று. கடையில் கொடுத்த போன் எண்ணைக் கடைக்காரர் விளம்பரத் தளத்தில் ஏற்றினார். இவ்வளவு போதும். என்னைக் கேட்டால், ஒட்டுக் கேட்பதைவிட இது கவலைக்குரியது. மைக்கை அடைத்துவிடலாம், அருகில் இருப்பவரின் தேடலை நம்மால் அடைக்க முடியாது.

முழுக்க நிறுத்த முடியாது, கணிசமாகக் குறைக்கலாம். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை நீக்கும் வசதி செட்டிங்ஸில் விளம்பரப் பகுதியில் இருக்கிறது. ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த 14.5 பதிப்பிலிருந்து, மற்றச் செயலிகளுக்குள் உங்களைப் பின்தொடர ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்டாக வேண்டும். கேட்கவே கூடாது என்று ஒட்டுமொத்தமாக மறுத்துவிடலாம். ஃபேஸ்புக்கில், வெளித்தளங்கள் உங்களைப் பற்றி அனுப்பிய பட்டியலைத் திறந்து பாருங்கள். பலருக்கு அதிர்ச்சி அந்தப் பக்கத்தில்தான் காத்திருக்கிறது. வரலாற்றை நீக்கி, இனிச் சேர்க்காதே என்றும் சொல்லலாம். கூகுளில் தேடல் வரலாறு 3, 18 அல்லது 36 மாதத்தில் தானே அழியும்படி வைக்கலாம். 3 போதும்.

அறிகுறி: நான் எங்கே இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிகிறது

அந்த ‘அவர்’ யார் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

முகம் தெரியாத நிறுவனங்கள் என்றால், இடம் அறியும் உரிமையைச் செயலி செயலியாகப் பாருங்கள். ‘எப்போதும்’ என்று இருப்பதை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள். வரைபடத்தைத் தவிர மற்றவற்றுக்குத் துல்லியமான இடமும் வேண்டாம். பெயர் இல்லாத தரவுதானே என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். 15 லட்சம் பேரின் போன் நடமாட்டத்தை ஆராய்ந்து 2013-ல் வெளியான கட்டுரை ஒன்று, இடமும் நேரமும் சேர்ந்த 4 புள்ளிகள் தெரிந்தாலே 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. இரவு இருக்கும் இடமும் பகலில் இருக்கும் இடமும் சேர்ந்தால் உங்கள் பெயரை யாரும் கேட்க வேண்டியதில்லை. கேமராவில் இடக் குறிப்பையும் அணைத்துவிடுங்கள். புகைப்படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் எழுதப்படுகின்றன. கோப்பாக அனுப்பும்போது அவையும் சேர்ந்து போகும்.

அந்த ‘அவர்’ உங்கள் கணவரோ, மனைவியோ, பிரிந்து போன துணையோ என்றால் நிதானம் வேண்டும். பகிர்வைச் சட்டென்று துண்டித்தால், கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். வன்முறைக்குப் பழகியவர் என்றால் அந்த நொடிதான் மிக ஆபத்தானது. முதலில் அவர் தொட்டிராத ஒரு போனிலிருந்து, நம்பும் ஒருவரிடமோ உதவி மையத்திடமோ பேசுங்கள். இருக்க இடம், கூட ஆள் என்று ஏற்பாடு முடிந்த பிறகு செட்டிங்ஸைத் தொடுங்கள்.

அப்போது பார்க்க வேண்டியவை: குடும்பக் கணக்கின் இடப் பகிர்வு, வரைபடச் செயலியின் இடப் பகிர்வு, போனைத் தேடும் வசதியில் யார் பெயர் இருக்கிறது என்பது, அவருக்குத் தெரிந்த திரைப்பூட்டு எண், நீங்கள் நிறுவாத செயலிகள், கூடுதல் கைரேகைகள். ஐபோனில் 16-ஆம் பதிப்பிலிருந்து ‘பாதுகாப்புச் சோதனை’ என்ற வசதி யாரோடு என்ன பகிரப்படுகிறது என்பதை ஒரே இடத்தில் காட்டி நிறுத்த உதவுகிறது. பையிலோ வண்டியிலோ ஒளித்து வைக்கப்பட்ட சிறு டிராக்கர் உங்களோடு நகர்ந்தால், 2024 மே முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டும், எந்த வகைப் போனோடு இணைந்த டிராக்கராக இருந்தாலும் எச்சரிக்கும் பொதுமுறை வந்திருக்கிறது. கண்டெடுத்தால் உடைக்காதீர்கள், அது ஆதாரம்.

அறிகுறி: எண்ணே கொடுக்காத இடத்தில் என் பெயர் தெரிந்திருக்கிறது

இதில் நாம் செய்யக்கூடியது குறைவு. உங்கள் எண்ணைச் சேமித்தவர் எவரோ தன் தொடர்புகளை அழைப்பாளர் அடையாளச் செயலிக்குத் திறந்துவிட்டிருப்பார். ஒரு செயலி வழியே திரட்டிய ஃபேஸ்புக் தகவலைப் பெற்ற அரசியல் ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்திலும் இதே கதைதான்: செயலியை நிறுவியவர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் பேர், நண்பர்கள் வழியே 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-ல் ஃபேஸ்புக் சொன்னது. அழைப்பாளர் செயலிகள் பலவற்றில் எண்ணை நீக்கக் கோரும் பக்கம் உண்டு, கோருங்கள். நீங்கள் ஏற்றிய அடுத்தவர்களின் எண்களையும் சமூக வலைத்தளச் செட்டிங்ஸில் போய் நீக்கிவிடுங்கள். யாரோ ஒருவருடைய இதே அறிகுறிக்கு நீங்கள் காரணமாக இருக்கலாம்.

அறிகுறி: பழைய கணக்கு, பழைய செய்தி, தேடினால் வருகிறது

செயலியை போனிலிருந்து அகற்றினால் கணக்கு அழிவதில்லை. முடக்கி வைத்தாலும் அழிவதில்லை. ‘கணக்கை நீக்கு’ என்பது தனி, பெரும்பாலும் செட்டிங்ஸின் அடியில் கிடக்கும். நீக்கிய பிறகும் காலம் பிடிக்கும்: ஃபேஸ்புக்கில் 30 நாள் வரை மனம் மாறலாம், முழுக்க அழிய 90 நாள் வரை ஆகலாம்.

நீக்கச் சொல்லும் முன் நகல் கேளுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அழித்த பிறகு என்ன வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள முடியாது. 2011-ல் ஆஸ்திரியச் சட்ட மாணவர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ், தன்னைப் பற்றி வைத்திருப்பதைக் கொடு என்று ஃபேஸ்புக்கைக் கேட்டார். 1,222 பக்கம் வந்தது. தான் அழித்துவிட்டதாக நினைத்தவையும் அதில் இருந்தன.

2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கைக்கு இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். கலிபோர்னியாவில் 45 நாள். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தகவலைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது; அந்தச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று தெரியாவிட்டாலும் எழுதுங்கள். பெரிய நிறுவனங்கள் பல எல்லோருக்கும் ஒரே படிவத்தைத்தான் வைத்திருக்கின்றன. தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் முகவரி இருக்கும். கடிதம் சிறியதாக இருக்கட்டும்:

“இந்த மின்னஞ்சலோடும் இந்த எண்ணோடும் தொடர்புடைய என் தனிப்பட்ட தகவல் அனைத்தின் நகலை அனுப்புங்கள். அதை எங்கிருந்து பெற்றீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் தெரிவியுங்கள். நகல் கிடைத்ததை நான் உறுதி செய்தபின் அனைத்தையும் அழித்து, அழித்ததை எழுத்தில் சொல்லுங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் எது, எந்தச் சட்டம், எவ்வளவு காலம் என்று குறிப்பிடுங்கள்.”

அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். அடையாள அட்டை கேட்டால் தேவையில்லாத பகுதியை மறைத்து, எதற்காகக் கொடுத்தது என்று மேலே எழுதி அனுப்புங்கள். காலக்கெடு தாண்டினால் அதே கடிதத்தோடு தரவுப் பாதுகாப்பு அமைப்பிடம் புகார் செய்யலாம்.

தேடல் முடிவில் இருந்து எடுப்பதும், தளத்திலிருந்து எடுப்பதும் வேறு வேறு. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தந்த புகழ்பெற்ற தீர்ப்பில், 1998-ல் ஒரு நாளிதழ் வெளியிட்ட ஏல அறிவிப்புக்கான இணைப்பை மனுதாரரின் பெயர்த் தேடலிலிருந்து கூகுள் நீக்க வேண்டும் என்றாயிற்று. நாளிதழின் பக்கம் அப்படியே இருந்தது. ஆகவே முதலில் தளத்துக்கு எழுதுங்கள். அவர்கள் அசையாவிட்டால் தேடுபொறிக்கு. உங்கள் வீட்டு முகவரி, போன் எண் தேடலில் வந்தால் அவற்றை எடுக்கக் கூகுளில் தனிப் படிவம் இருக்கிறது.

அறிகுறி: அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறார்

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள். உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசத் தளம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் அங்கிருந்து உருவாகிப் பங்கேற்கும் தளங்களுக்குப் போகும், ஏற்றப்பட்டால் அவை தடுக்கும். படம் எடுக்கப்பட்டபோது 18 வயது ஆகவில்லை என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை. தப்பு செய்தவர் மிரட்டுபவர். இதைப் படிக்கும் பிள்ளைகள் அதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு பெரியவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

அறிகுறி: என் கணக்குக்குள் என்னாலேயே போக முடியவில்லை

திருடர் இல்லாமலும் கட்டுப்பாடு போகும். போன் தொலைந்தது, அங்கீகாரச் செயலி அதில்தான் இருந்தது. பதினைந்து வருடப் புகைப்படங்கள் மறுபக்கம் நிற்கின்றன. வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியிலிருந்து, வழக்கமான வைஃபையில், மீட்புப் படிவத்தை நிரப்புங்கள். பழகிய கருவியையும் இடத்தையும் சேவை அடையாளம் காணும், வெற்றி வாய்ப்பு கூடும். ஒரே மணிநேரத்தில் இருபது முறை முயலாதீர்கள். பூட்டு இன்னும் இறுகும்.

இன்னும் பூட்டப்படாதவர்கள் இன்று செய்ய வேண்டியது: இரண்டு கட்டப் பாதுகாப்புப் பக்கத்தில் ‘பேக்கப் எண்கள்’ இருக்கும், அதைக் காகிதத்தில் எழுதி முக்கிய ஆவணங்களோடு வையுங்கள். போனுக்குள் ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்தால் போனோடு அதுவும் போய்விடும். கூகுள் டேக்அவுட் போன்ற வசதியில் மொத்தத் தரவையும் இறக்கி ஒரு ஹார்டு டிஸ்கில் போடுங்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது. கூகுளின் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ பகுதியில், நீங்கள் குறிப்பிட்ட காலம் நுழையாவிட்டால் யாருக்கு எது போக வேண்டும் என்று எழுதி வைக்கலாம். அந்தப் பெயரை நிரப்பும்போது அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தக் கடிதம் வரும் நாளில் அவர் அதை மோசடி என்று நினைத்து அழித்துவிடக் கூடாது.